பனங்கட்டையில் வந்த கருவண்டுகள்

எங்கள் வளாகத்துக்குக் கருவண்டு எப்படி வந்தது என்று யார் கேட்டாலும், "பூ இருந்தா தானா வரும்" என்று சொல்லிப் பழகியிருந்தேன். வேலையில் இருந்தவரை அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, போன தை மாதம் ஆன்சி வீட்டுக்கே வந்து அதைக் கேட்டபோதுதான் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆன்சி புன்னைக்காயல் பெண். நான் மேற்பார்வையாளராக இருந்த பசுமைப் பிரிவுக்கு இப்போது அவள்தான் அதிகாரி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டாள். "இந்த உப்புக் காட்டுல மொத வண்டு எப்படி வந்துச்சுன்னு நீங்க சொன்னாத்தான் அண்ணாச்சி அவங்களுக்கு நம்பிக்கை வரும்." கையோடு பழைய புகைப்படம் ஒன்றையும் பிரதி எடுத்து வந்திருந்தாள். அதில் நட்டுவைத்த பனங்கட்டை ஒன்றின் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கட்டையின் துளையில் ஒரு கருவண்டு உட்கார்ந்திருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பினேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பதினான்கு வருடமாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரன். தோட்டக்கலையில் பட்டயம் படித்தேன், தனியார் நாற்றுப்பண்ணை ஒன்றில் சில வருடம் இருந்தேன், பிறகு தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். சரக்கு அடுக்கி வைக்க அவர்கள் ஒரு பெரிய காட்டு நிலத்தை வாங்கியிருந்தார்கள். அதில் எருக்கும் ஆவாரையும் உடைமரமும் மண்டிக் கிடந்தன. இடையிடையே தலை போய்ப் பட்டு நின்ற பனைகள். ஒரே வாரத்தில் புல்டோசர் விட்டு எல்லாவற்றையும் வழித்தோம். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அதற்கடுத்த மாதம், அந்த நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தேனீக்களும் வண்டுகளும் பிழைக்கும்படி உள்ளூர்ச் செடிகளை நட்டுத் தர வேண்டும் என்று சுற்றுச்சூழல் அனுமதியில் நிபந்தனை வந்தது. அதற்கும் நான்தான்.

எனக்கு மேலே இருந்தவர் மனாசே சார். நாசரேத்துக்காரர். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கம்பெனிக்கு வந்தவர். வெளியூர் ஆட்கள் போட்டுக் கொடுத்த திட்டக் கோப்பின் அட்டையில் மஞ்சளும் கறுப்புமாக, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த ஒரு குளிர்தேசத்துத் தேனீயின் படம் இருந்தது. சார் அதை எனக்குக் காட்டிச் சிரித்தார். "இந்தப் பஞ்சுமூட்டை நம்ம ஊர்ல கிடையாது சிவசுப்பு. அதோட வேலையை இங்க பாக்கிறது நம்ம கருவண்டு" என்றார். ஊரில் வண்டு என்று சொன்னாலும் அது தேனீ வகைதான் என்பதும், பட்ட மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுவதால் அதற்குத் தச்சுத் தேனீ என்று பெயர் என்பதும், முருங்கைப் பூ காயாவதற்கு அதைப் போல உதவுகிற பூச்சி வேறில்லை என்பதும் அவர் சொல்லி நான் தெரிந்துகொண்டவை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கட்டளையும் போட மாட்டார். கேள்விதான் கேட்பார். கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்து நான்காக மடிப்பார். நாம் பதில் சொல்லும்வரை மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருப்பார். பதில் பிடிக்கவில்லை என்றால் கைக்குட்டையைப் பிரித்துவிட்டு மறுபடியும் மடிப்பார். அவ்வளவுதான். நாம் வேறு பதில் தேட ஆரம்பித்துவிடுவோம்.

கணக்கெடுக்கிற முறையையும் அவர்தான் ஏற்படுத்தினார். காலை வெயில் ஏறியதும் ஒரு செடிக்கு முன்னால் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நிழல் பூவின் மேல் விழக் கூடாது. பூவில் வந்து உட்கார்வதற்கு மட்டும் ஒரு கோடு. பறந்து போவதற்குக் கோடு இல்லை. ஒன்றுமே வராவிட்டால் தாளில் ஒரு வட்டம். முதல் வருடம் நான் போட்டதெல்லாம் வட்டம்தான். ஈரமண்ணில் படித்த வித்தையை உப்பு மண்ணில் காட்டியிருந்தேன். நட்டதில் முக்கால்வாசி கருகிப்போனது. தானாக முளைத்த எருக்கைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஆள் விட்டுப் பிடுங்கினேன். கருவண்டு தேடி வருகிற பூவே அதுதான்.

அந்த நிலையில், நிபந்தனைப்படி நட்டிருக்கிறோமா என்று பார்க்க ஆய்வுக் குழு வரப்போகிறது என்று தகவல் வந்தது. சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"தாள் பூராவும் வட்டமா இருக்கே சிவசுப்பு. வண்டு வரணும்னா என்ன வேணும்?"

"பூ வேணும் சார். கூடு கட்டப் பட்டமரம் வேணும்."

"பூவுக்கு என்ன செய்யலாம்?"

"நர்சரியில பூத்து நிக்கிற ஆவாரையா எடுத்து, பையோட மண்ணுல புதைச்சிரலாம் சார். பாத்தா தெரியாது."

அவர் கைக்குட்டையை மடித்தார். பிரிக்கவில்லை. "வண்டுக்கு?"

"வண்டு இருக்கிற கட்டையாவே எங்கயாவது இருந்து கொண்டு வந்துட்டா…"

"எங்கயிருந்து?"

"தேடிப் பாக்கேன் சார்."

"உங்க யோசனை நல்லா இருக்கு" என்றார். கைக்குட்டை பைக்குள் போனது. கோப்பிலும் அது என் யோசனையாகத்தான் ஏறியது. உண்மையும் அதுதானே.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரியை ஒட்டிய முருங்கைத் தோட்டம் ஒன்றில் நான் தேடியது கிடைத்தது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் பட்ட பனைகளைச் சூளைக்கு விற்றுத் தீர்த்திருந்தார்கள். அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் நான்கு மொட்டைப் பனைகள் நின்றன. பக்கத்தில் போனால் உள்ளே யாரோ மாவு அரைக்கிற மாதிரி இரைச்சல். ஒவ்வொரு பனையிலும் விரல் நுழைகிற அளவில் வட்டமான துளைகள். தோட்டம் செல்வக்கனி என்ற அம்மாவுக்கும் அவர் வீட்டுக்காரர் தங்கராசுக்கும் உரியது. நான் போனபோது அந்த அம்மா மட்டும் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

கம்பெனி ஜீப்பையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு, "வாங்க சார், விவசாய ஆபீஸா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

"இந்தக் கட்டையை எல்லாம் ஏன்க்கா வச்சிருக்கீங்க?"

"எங்க வீட்ல அவிய வெட்ட விட மாட்டாவ சார். வண்டு கெடக்கு, இருக்கட்டும்பாவ."

"வண்டு கெடக்கேன்னுதான் நானும் கேக்கேன். இது பெருகிச்சுன்னா முருங்கைத் தண்டையும் தொளைச்சிரும்க்கா. உள்ள கூடாப் போயிரும். ஒரு காத்து அடிச்சா மரம் முறிஞ்சு விழும்."

அந்த அம்மா முகம் மாறியதைப் பார்த்தேன். கருவண்டு பச்சை மரத்தைத் தொடாது. அதை எனக்குச் சொல்லித்தந்தவரின் அறையிலிருந்து நான் புறப்பட்டு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை.

"அப்பம் என்ன சார் செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நாங்களே வந்து அப்புறப்படுத்தித் தாரோம்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஜீப்பில் ஏறும்போது ஓடிவந்து ஒரு கட்டு முருங்கைக்காயைப் பின்சீட்டில் வைத்தார். வீட்டில் அதைச் சாம்பார் வைத்தார்கள். நல்ல சதைப்பிடிப்பான காய். நான் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வெயில் வருவதற்கு முன்னால் போனோம். விடிகிற நேரத்தில்தான் வண்டுகள் எல்லாம் கூட்டுக்குள் இருக்கும். ஒவ்வொரு துளையையும் ஈரத்துணியால் அடைத்து, மேலே களிமண் பூசினோம். பிறகு கயிறு கட்டி, அதிராமல் அறுத்து, வைக்கோல் பரப்பிய இடத்தில் மெதுவாகச் சாய்த்தோம். துண்டு போட்டு ஈரச்சாக்கைச் சுற்றினோம். அவ்வளவு கவனமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. அழிக்கிறதற்குக் கொண்டுபோகிற கட்டையை ஏன் இப்படிப் பிள்ளையைப்போலச் சுற்றுகிறீர்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

தங்கராசு மண்வெட்டியோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். "ஏளா, அதுபாட்டுக்குக் கெடந்துட்டுப் போகட்டும். பூவுக்குப் பூ இதுதான போய் உக்காருது" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"சார் படிச்சவிய, அவிய சொல்லுதாவ. ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் செல்வக்கனியம்மா.

தங்கராசு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் குனிந்து சாக்கின் முடிச்சை இறுக்கினேன். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார், வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்துக் கட்டையை டெம்போவில் ஏற்றிவிட்டார்.

ஆய்வு நன்றாக நடந்தது. பையோடு புதைத்த ஆவாரையில் வண்டுகள் ரீங்காரமிட்டன. வந்தவர்கள் என் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் எண்ணினார்கள். தாளில் முதல்முறையாகக் கோடுகள் விழுந்தன. ஆன்சி கொண்டுவந்த புகைப்படம் அன்றைக்கு எடுத்ததுதான்.

பைச்செடிகள் வாடிய பிறகு வண்டுகளுக்குச் சுற்றிலும் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் கன்டெய்னர், இன்னொரு பக்கம் உப்பளம். தினமும் காலையில் கட்டைகளுக்கு அடியில் இரண்டு மூன்று காய்ந்து கிடக்கும். மற்றவர்கள் வருமுன் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவேன். ஒரு மாதத்தில் கட்டைகளில் சத்தம் நின்றுபோனது. மனாசே சார் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் பூ சமயத்தில் செல்வக்கனியம்மா பஸ் பிடித்து, கம்பெனி வாசல் காவலரிடம் அடையாளம் சொல்லி, என்னைத் தேடி வந்தார். இதற்குள் நான் விவசாய ஆபீஸ் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நான் செடி தெரிந்தவன், இலவசமாக உதவி செய்தவன். மடியிலிருந்து ஒரு பையை எடுத்து என் மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் உதிர்ந்த முருங்கைப் பூ.

"மரம் தெரியாம பூக்குது சார். ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. காலையில வந்து பாத்தா வெள்ளை விரிப்பு விரிச்ச மாதிரி பூராவும் தரையில கெடக்கு. என்னண்ணு பாத்துச் சொல்லுங்க."

ஒரு பூவை எடுத்துப் புரட்டினேன். பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. அந்தப் பூவில் எதுவும் வந்து உட்கார்ந்திருக்காது. உட்கார வேண்டியதை நான் கொண்டுவந்து கொன்றிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு எதிரே கைக்குட்டையை மடிக்க யாரும் இல்லை.

"தண்ணி எப்படி விடுதீங்க?" என்று கேட்டேன்.

"அவியதான் பாய்ச்சுவாவ. வாரத்துக்கு ரெண்டு மட்டம்."

"அதுதான்க்கா. பூக்கிற நேரத்துல தண்ணி கூடிப்போனா பூ கொட்டும்."

இது பொய்யல்ல. புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால்தான் சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஒரு மாசம் தண்ணியை நிறுத்திப் பாருங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"நான் நெனச்சேன் சார். வெள்ளம் மாதிரில்லா விடுதாவ. போய்ச் சொல்லுதேன்" என்று பையை மடித்துக்கொண்டு, பாரம் இறங்கின மாதிரி எழுந்து போனார்.

முதல் பொய்க்கு மனாசே சாரைக் கைகாட்ட நான் எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். இரண்டாவதற்குக் காட்ட ஆள் கிடைக்கவில்லை.

அந்த வருடம் தேரிப்பக்கம் காற்று நெருப்பாக அடித்தது. சில மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வழியே போனபோது ஜீப்பிலிருந்து பார்த்தேன். முருங்கைகள் இலை உதிர்ந்து குச்சியாக நின்றன. ஒரு பகுதியை அடியோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "நிக்காண்டாம், போ" என்றேன். அதன்பிறகு சாத்தான்குளம் போக நேர்ந்தால் வேறு பாதையில் போனேன்.

அதற்கப்புறம் நான் வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எருக்கைப் பிடுங்காமல் விட்டேன். வடகிழக்கு மழைக்கு முந்தி ஆவாரை விதையை நேரடியாகத் தூவினேன். உப்பைத் தாங்குகிற உகாயும் பூவரசும் ஓரத்தில் வைத்தேன், காற்றுக்கு மறைவாக. உள்ளே நொச்சி. பட்ட பனங்கட்டைகளை வாங்கி, வண்டு இல்லாத வெறுங்கட்டைகளாக, நட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் வருடம் எருக்கம்பூவில் ஒரு கருவண்டு தானாக வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு அங்கே எண்ணி மாளாது. எனக்குப் பாராட்டும் சால்வையும் கிடைத்தன. ஒவ்வொரு முறை சால்வை போர்த்தும்போதும், "பூ இருந்தா தானா வரும்" என்றேன்.

ஆன்சி இரண்டாம் முறை வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"அப்போ எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?"

புகைப்படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் நான் சாத்தான்குளம் பஸ் ஏறினேன்.

தோட்டம் கைமாறிவிட்டிருந்தது. விசாரித்து, ஊருக்குள் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். செல்வக்கனியம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "சாரா? வயசாயிட்டே சார் ஒங்களுக்கும்!" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். சுவரில் தங்கராசுவின் படம் மாலையோடு இருந்தது. அவர் இறந்து மூன்று வருடமாம்.

நாற்காலியில் உட்காராமல் நின்றே சொன்னேன். பனைகளை எதற்குக் கொண்டுபோனேன், வண்டுகள் என்ன ஆயின, பூ ஏன் கொட்டியது, தண்ணீரைப் பற்றி நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கையில் ஒரு ஈரச்சேலை இருந்தது. அதைக் கொடியில் போடவும் இல்லை, வாளியில் வைக்கவும் இல்லை.

என்னை ஏசுவார் என்று நினைத்து வந்திருந்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன். அவர் பேசியது என்னைப் பற்றியே இல்லை.

"தண்ணி கூடுனதுலதான் போச்சுன்னு நான் அவியளைத்தான ஏசுனேன்" என்றார். "தண்ணிய நிறுத்தாதளா, செடி செத்துரும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டாவ. நான்தான் மோட்டார் ரூமு சாவிய எடுத்து வச்சுக்கிட்டேன். பெறவு செடி காஞ்சதுக்கும் அவியளைத்தான் ஏசுனேன். ஆதியில வெள்ளமா விட்டு வேரை அழுக வச்சாச்சுன்னு. ஆளுக முன்னால வச்செல்லாம் சொல்லியிருக்கேன் சார். பத்து வருசம்."

எனக்கு இது தெரியாது. என் பொய்யால் போன மரங்களைத்தான் நான் எண்ணி வைத்திருந்தேன்.

"இதை அவிய இருக்கையில வந்து சொல்லியிருக்கலாம்லா?"

அவர் சேலையை உதறிக் கொடியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்று தெருவில் இறங்கி நடந்தார்.

நாலு வீடு தள்ளி அவர் மகளின் வீடு. முன்னறையில் தையல் கடை. மகள் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். "ஏளா, மெஷினை நிப்பாட்டு. இந்த சார் ஒண்ணு சொல்லுவாவ, கேளு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சுவரில் சாய்ந்து நின்றார்.

நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன்.

மகள் கேட்டு முடித்துவிட்டு, "அப்பம் எங்கப்பா மேல தப்பில்ல?" என்றாள்.

"இல்லம்மா. அவர் சொன்னதுதான் எல்லாம் சரி."

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கடைசிக் காலத்துல வீட்டு முத்தத்துச் செம்பருத்திக்கு ஒரு செம்புத் தண்ணி ஊத்தணும்னாக்கூட, ஊத்தட்டுமாளான்னு அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் ஊத்துவாவ."

செல்வக்கனியம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். நான் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன். அந்த நேரம் தைத்த சட்டையை வாங்குவதற்காக அதே தெருப் பெண் ஒருத்தி படியேறி வந்தாள். மூன்று பேரும் இருந்த நிலையைப் பார்த்துத் தயங்கினாள்.

"நீயும் இரு, போயிராத" என்றார் செல்வக்கனியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "இவளுக்கும் சொல்லுங்க. இவ இருக்கும்போதும் நான் அவியளை ஏசியிருக்கேன்."

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.